ஒன்வேயில் எதிரே வரும் சத்தம்

எங்கள் வீட்டில் ஒரு சீரியலை இரண்டு தடவை கேட்போம். முதலில் டிவி சொல்லும். அப்புறம் என் மனைவி சொல்லுவாள். "என்னடி சொல்றான் அவன்?" என்று சோபாவின் கோடியிலிருந்து அத்தை கேட்பார். "சொத்தை எழுதித் தரமாட்டானாம்மா" என்று இவள் உரக்கச் சொல்லுவாள். சொல்லி முடிப்பதற்குள் டிவியில் அடுத்த வசனம் ஓடிப்போயிருக்கும். அது என்ன என்று இப்போது இரண்டு பேருக்குமே தெரியாது. உடனே அம்மாவும் பெண்ணும் சேர்ந்தாற்போல் திரும்பி, மூலையில் பேப்பருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் என்னைப் பார்ப்பார்கள். வில்லன் முணுமுணுத்ததற்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

அத்தைக்குக் காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி உப்பில்லாத ரசம் சாப்பிட்டேன். சமையலறையில் நான் டப்பா திறந்தால், அது முறுக்கு டப்பாவா அதிரச டப்பாவா என்பதுவரை ஹாலிலிருந்தே அவருக்குத் தெரியும். குறை டிவியின் மேல்தான். பழைய டிவி இருந்ததே, பின்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டு, அதில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இப்போது டிவி இளைத்து இளைத்து விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. சின்னதாக இரண்டைச் செய்து, கீழே பார்க்கவோ பின்னால் பார்க்கவோ சொருகிவிடுகிறார்கள். சத்தம் முதலில் சுவருக்குப் போகிறது. சுவர் பார்த்துக் கொடுத்ததுதான் நமக்கு. பின்னணி இசை முழுசாக வந்து சேர்கிறது, பேச்சுதான் வழியில் தங்கிவிடுகிறது. அந்தச் சீரியலின் கதையை ஒழுங்காகத் தெரிந்துவைத்திருந்தது எங்கள் வீட்டில் அந்தச் சுவர் ஒன்றுதான்.

ஆகவே தீபாவளித் தள்ளுபடியில் ஒரு சவுண்ட் பார் வாங்கினேன். நீளமாக ஒன்று, கூடவே கறுப்பாக ஸ்டூல் உயரத்தில் ஒரு சப்-ஊஃபர். "ஒயர் பாக்ஸ்லயே இருக்கும் சார், சொருகினா முடிஞ்சுது" என்றான் கடைப்பையன். வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஒயர் இருந்தது. கரண்டுக்கு.

எங்கள் அபார்ட்மென்ட் பெங்களூரில், அல்சூரில் இருக்கிறது. பழைய கட்டடம், தரை டைல்ஸ்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் ஏற்ற இறக்கமாக இருக்கும். சப்-ஊஃபர் ஒரு மூலையில் ஆடியது. கைக்கு அகப்பட்ட காகிதம் ஒன்றை நாலாக மடித்து அடியில் கொடுத்து நிறுத்தினேன். அந்தப் பெட்டி சம்பந்தப்பட்ட வேலைகளில் நான் யார் உதவியும் இல்லாமல் செய்து முடித்தது அது ஒன்றுதான்.

பிறகு டிவிக்குப் பின்னால் போனேன். நீங்கள் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். முன்பக்கம்தான் பட்டுப்புடவையும் பங்களாவும். பின்பக்கம் தூசியும் ஓட்டையும். எங்கள் டிவி சுவரில் அறைந்தது. நடுவே நாலு விரற்கடை சந்து. கை போனால் கண் போகாது, கண் போக வேண்டுமென்றால் கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு ஸ்டூல்மேல் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் கூரியர்காரர், கேஸ்காரர், மாடிவீட்டு மாமி எல்லோரும் வருவார்கள். நாலு தினுசு ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே எறும்பு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

அக்கா பையன் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறான். அமெரிக்காவில் ஒரு பேங்கின் கணக்கு வழக்கெல்லாம் இவன் கண்ணசைவில்தான் ஓடுகிறது என்று அக்கா சொல்லுவாள். வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை டிராஃபிக்கில் நொந்துபோய் வந்து சேர்ந்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் மௌனம். "மாமா, நான் கிளவுட்ல இருக்கேன். ஒயரெல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்றான். மேகத்தில் உத்தியோகம் பார்ப்பவனைத் தரைக்கு வரச் சொன்னது என் தப்பு. இதே ஊரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் சுஜாதா எழுதினார். அவர் இருந்திருந்தால் போஸ்ட் கார்டு போட்டாவது கேட்டிருப்பேன். பையன் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, செருப்பு மாட்டும்போது ஒரு யோசனையை வீசிவிட்டுப் போனான்: "ரெட்டும் ஒயிட்டும் போட்டுப் பாருங்க மாமா."

சிவப்பு, வெள்ளை மூக்கு வைத்த அந்த ஒயருக்கு ஆர்சிஏ என்று பெயர். ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி, இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு சேர்ப்பதற்காகப் போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே கொண்டுவந்தது. சிவப்பு வலது காதுக்கு, வெள்ளை இடது காதுக்கு. இத்தனை வயசான சமாச்சாரம் நம்மை ஏமாற்றாது என்று நம்பினேன். எங்கள் டிவியிலும் சிவப்பு, வெள்ளை இரண்டும் பளிச்சென்று இருந்தன. சவுண்ட் பாரில் ஆக்ஸ் என்று ஒரு சின்னத் துளை இருந்தது. ஒரு முனையில் இரண்டு மூக்கும் மறுமுனையில் ஒரு மூக்குமாக ஒயர் வாங்கிவந்து மாட்டினேன். சத்தமே இல்லை. வால்யூமை உச்சிவரை ஏற்றினேன். பிறகு லென்ஸ் வைத்துப் படித்தால், டிவி ஓட்டைக்குக் கீழே 'ஏவி இன்' என்று போட்டிருக்கிறது. டிவிடி மாதிரி சாமான்களிடமிருந்து உள்ளே வாங்கிக்கொள்ளும் வழி அது. வெளியே எதையும் விடாது. சவுண்ட் பாரில் இருந்ததும் 'இன்'தான். இரண்டு பக்கமும் கேட்கத் தயாராக இருக்கிறார்கள், பேசத்தான் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிலைமை அதுவரை ஏற்பட்டதே இல்லை.

ஹெட்போன் துளை வழியாக எடுக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, குண்டூசியின் பெரியண்ணன் மாதிரி ஒன்றைப் பலகையில் குத்திக் குத்தி எடுப்பார்களே, அதன் வம்சம்தான் இந்த 3.5 மில்லிமீட்டர் முனை. 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, இன்றைக்கும் மனிதர்கள் காதில் இருக்கிறது. எங்கள் டிவி மாடலில் மட்டும் அதை நிறுத்திவிட்டார்கள்.

"ஒயரே வேணாம்ப்பா, ப்ளூடூத் போதும்" என்றான் என் மகன். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். இரண்டு பட்டனை அழுத்தினான். ஹால் அதிர்ந்தது. அத்தை எழுந்து உட்கார்ந்தார். "ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்குது மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை என்று அவர் என்னைக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. அன்று ரசத்தில் உப்பும் சரியாக இருந்தது.

ப்ளூடூத்தில் ஒரு கோளாறு உண்டு. சத்தத்தைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரிப்பதற்கு நேரம் பிடிக்கும். சாதாரணமாக 0.2 நொடி வரைக்கும் பின்தங்கும். வாய் முதலில் போகும், வார்த்தை பின்னால் வரும். இதை நாங்கள் வெகுகாலம் கண்டுபிடிக்கவே இல்லை, ஏனென்றால் அத்தை பார்ப்பதில் பாதி டப்பிங் சீரியல். அதில் வாய்க்கும் வார்த்தைக்கும் ஏற்கெனவே விவாகரத்து ஆகிவிட்டது. ஒருநாள் கிரிக்கெட் வைத்தபோதுதான், பந்து மட்டையில் பட்டு எங்கேயோ போன பிறகு 'டொக்' கேட்டது. மகன் முகம் சுளித்தான். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, 0.2 நொடி என்றால் கிட்டத்தட்ட 70 மீட்டர். சின்னசாமி ஸ்டேடியத்தில் கேலரியில் உட்கார்ந்தாலும் இதே தாமதம்தான்டா, அங்கே அதற்கு டிக்கெட் வாங்குகிறார்கள். அவன் சமாதானமாகவில்லை.

ப்ளூடூத்தை அப்புறப்படுத்தியது தாமதம் இல்லை, என் மைத்துனி. டிவியை அணைத்துவிட்டால் இந்த சவுண்ட் பார் சும்மா இருக்காது. பழகிய போன் எது பக்கத்தில் இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மத்தியானம் நான் ஹாலில் கண்ணயர்ந்திருக்கிறேன். என் மனைவி படுக்கையறையில் போனைத் திறந்து, தங்கை அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் தட்டியிருக்கிறாள். ஹாலில், சப்-ஊஃபர் துணையோடு, என் தலைமாட்டில் ஒரு குரல் எழுந்தது: "உங்க வீட்டுக்காரரு இன்னுமா அந்த ஒயரோட மல்லுக்கட்டறாரு? பாவம்க்கா நீ." ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

சரி, ஒயர்தான் என்று முடிவாயிற்று. எஸ்.பி. ரோடுக்குப் போனேன். சதர் பட்ரப்பா ரோடு என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரரே யோசிப்பார். சென்னையில் ரிச்சி தெரு எப்படியோ, இங்கே அது. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை, அங்கிருந்து நடை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசிக் கடை அடைத்திருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். மற்ற நாளில் போனால் நடக்க இடம் இருக்காது. கூரையிலிருந்து சுருள் சுருளாக ஒயர் தொங்கும், கீழே சிசிடிவி கேமரா குவிந்திருக்கும், நடுவில் ஒருவர் ஃபேனைத் தலையில் வைத்துக்கொண்டு வழி கேட்பார். கல்லாவில் இருந்தவர் ராஜஸ்தான்காரர். என் முகத்தைப் பார்த்தார், கன்னடத்தில் ஆரம்பித்தார்.

"ஏன் பேக்கு சார்?"

"டிவிக்கும் சவுண்ட் பாருக்கும் நடுவுல போடற ஒயர்."

"ஆப்டிகலா, ஹெச்டிஎம்ஐயா? எத்தனை மீட்டர்?" தமிழுக்கு வந்துவிட்டார்.

இரண்டில் எது வேண்டும் என்று கேட்பார் என நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டேன். எத்தனை மீட்டர் என்பதற்கு, வீட்டில் அளக்காமல் வந்ததால், இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்றவர் குனிந்து தப்பித்தார். கடைக்காரர் என் கைகளை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு ஐந்து மீட்டர் எடுத்துக் கொடுத்தார். தேவைப்பட்டது ஒன்றரை மீட்டர்.

ஆப்டிகல் ஒயர் அழகான யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். தோஷிபா கம்பெனி 1983-ல் கொண்டுவந்தது. அப்போது புதுசாக வந்திருந்த சிடி பிளேயருக்காக. செம்பு கிடையாது, கரண்ட் கிடையாது. டிவி சத்தத்தை வெளிச்சமாக்கி அனுப்பும், மறுபக்கம் வெளிச்சத்தைச் சத்தமாக்கிக்கொள்ளும். கரண்ட் சம்பந்தமே இல்லாததால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற முணுமுணுப்பு வராது. மற்ற முணுமுணுப்பெல்லாம் சோபாவிலிருந்து வருவது. ஒயரை டிவியில் சொருகப் போனால் உள்ளே போக மறுத்தது. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். மகன் வந்து, நுனியில் இருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "சும்னே இருங்கப்பா கொஞ்ச நேரம்" என்றான். இப்போது மறுமுனையில் குட்டியாகச் சிவப்பு வெளிச்சம். எனக்குப் புல்லரித்தது. எல்லோரையும் கூப்பிட்டேன். "இந்த வெளிச்சத்துக்குள்ளதான் அத்தை சீரியலே ஓடுது" என்றேன். அவர் ஒயர் நுனியை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

மாட்டிய பிறகு கேட்டது. பிரமாதமாகவே கேட்டது. மீதி மூன்றரை மீட்டர்தான் பிரச்சினை. அதை மடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. வெளிச்சம் கூர்மையான வளைவில் திரும்பாது. பெரிய வட்டமாகச் சுற்றி டிவி ஸ்டாண்டுக்குக் கீழே விட்டேன். வீடு துடைக்க வரும் அம்மா தினமும் மாப்பால் அதை ஒரு இழுப்பு இழுப்பார், அத்தையின் சீரியல் கதறலின் நடுவில் நின்றுவிடும்.

அதைக்கூடச் சமாளித்திருப்போம். வால்யூமைச் சமாளிக்க முடியவில்லை. ஆப்டிகலில் போகும் சத்தத்தைப் பெரும்பாலான டிவிகள் தங்கள் வால்யூம் பட்டனால் கூட்டிக் குறைக்காது. அந்த வேலைக்கு சவுண்ட் பாரின் ரிமோட்டைத்தான் எடுக்க வேண்டும். ஆக, சேனல் மாற்ற செட் டாப் பாக்ஸ் ரிமோட், அணைக்க டிவி ரிமோட், சத்தத்துக்கு பார் ரிமோட். மூன்றும் கறுப்பு. மூன்றிலும் வால்யூம் பட்டன் உண்டு, மூன்றையும் அத்தை அழுத்துவார். பாக்ஸில் குறைத்துவிட்டு பாரில் கூட்டினால் 'உஸ்' என்று இரைச்சல். டிவி ஸ்பீக்கரும் தெரியாமல் சேர்ந்து ஓடினால் எல்லாம் இரட்டையாகக் கேட்கும். அது மட்டும் பக்தி சேனலுக்குப் பொருத்தமாக இருந்தது. அடையாளத்துக்கு அத்தை ஒரு வழி செய்தார். டிவிக்குச் சந்தனம், பாக்ஸுக்குக் குங்குமம், பாருக்கு விபூதி. ஆயுத பூஜைக்கு வருஷம் கிடக்கும்போதே மூன்று ரிமோட்டும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. மறுநாள் விபூதி உதிர்ந்துவிட்டது, சந்தனத்தின் மேல் குங்குமம் ஒட்டிக்கொண்டது. ராத்திரி பத்தரைக்கு டிவியை அணைக்கத் தெரியாமல், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தோம். ஃபிரிட்ஜில் தோசைமாவு இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

மகனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவனுக்கு அட்மாஸ் வேண்டும். ஹெலிகாப்டர் தலைக்குமேல் பறக்கிற சத்தம் நிஜமாகவே தலைக்குமேல் வருமே, அது. 2012-ல் 'சிவாஜி' படத்தை 3டி ஆக்கி வெளியிட்டபோதுதான் இந்தியப் படம் ஒன்று முதன்முதலாக அதில் ஒலித்தது. "ஆப்டிகல்ல ரெண்டு சேனல் முழுசா போகும், இல்லாட்டி 5.1-ஐப் பிழிஞ்சு அனுப்பலாம், அவ்வளவுதான். அட்மாஸ் போகவே போகாது. ஹெச்டிஎம்ஐ வாங்குங்க" என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பான். நம் சவுண்ட் பார் அட்மாஸ் ஜாதியே இல்லையடா என்றால், "எதிர்காலத்துக்கு" என்பான். அத்தையின் சீரியலில் ஹெலிகாப்டர் வருவதில்லை. தட்டு கீழே விழுகிற சத்தம்தான் அதிகபட்சம். அதற்கு எங்கள் சமையலறையே போதும்.

இருந்தாலும் ஹெச்டிஎம்ஐ விசாரிக்க, இந்தத் தடவை கௌரவமாக, ஏசி போட்ட ஒரு ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய பையன் ஒரு பெட்டியை வெல்வெட் துணிமேல் வைத்துத் திறந்தான். உள்ளே ஒரு ஒயர், தங்க முலாம் மூக்கோடு. "ஆக்ஸிஜன் ஃப்ரீ காப்பர் சார்." விலை 4,500 ரூபாய் என்றான். எனக்கும் ஆக்ஸிஜன் இல்லாமல் போயிற்று. "சத்தம் ரொம்ப வார்மா இருக்கும் சார்" என்றான். எனக்கு இவ்வளவு நாளில் கொஞ்சம் ஞானம் வந்திருந்தது. இந்த ஒயரில் போவது பூஜ்ஜியமும் ஒன்றும். வந்து சேரும், அல்லது வராமல் விட்டுவிட்டுக் கேட்கும். தங்கத்தில் வந்தால் பூஜ்ஜியம் கொஞ்சம் உருண்டையாகவா வரப்போகிறது? தங்கம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான் அதனால் லாபம். பத்து, பதினைந்து மீட்டர் இழுக்கிறவர்கள் வேண்டுமானால் தரம் பார்க்கலாம். டிவிக்குக் கீழேயே இருக்கும் பெட்டிக்கு எதற்கு? இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேனா என்றால், இல்லை. "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்றேன். அது எப்போதும் செல்லுபடியாகும்.

வீட்டில் பீரோவின் அடித்தட்டில், செத்துப்போன டிவிடி பிளேயரோடு ஒரு ஹெச்டிஎம்ஐ ஒயர் கிடந்தது. அதையே எடுத்தேன். இங்கேதான் எனக்கு ஒரு குழப்பம். ஹெச்டிஎம்ஐ என்றால் பாக்ஸிலிருந்து டிவிக்குள் படமும் சத்தமும் போகிற ஒயர். 2002-ல் வந்ததிலிருந்து போக்குவரத்து அந்தத் திசையில்தான். நமக்கோ டிவியிலிருந்து சத்தம் வெளியே வர வேண்டும். எப்படி வரும்? நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்படி சொல்கிறேன். ரெசிடென்சி ரோடு ஒன்வேயில் வண்டியெல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர்காரர், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எதிரே வந்துகொண்டிருப்பார். 2009-ல் ஹெச்டிஎம்ஐக்காரர்கள் அந்த ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் கொடுத்து ஏஆர்சி என்று பெயர் வைத்தார்கள். ஒயருக்குள் இருக்கும் 19 முனைகளில் இரண்டு வழியாக அது திரும்பி வருகிறது. 2017-ல் அதையே அகலப்படுத்தி ஈஏஆர்சி ஆக்கினார்கள். மகன் சொல்லும் ஹெலிகாப்டர் முழுசாக அதில் போகும். சாதாரண ஏஆர்சிக்குத் தனி ஒயர் வேண்டியதில்லை. பீரோவில் இருப்பதே பெரும்பாலும் போதும்.

ஆனால் டிவியில் மூன்று ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால், ஏஆர்சி என்று எழுதிய ஒன்றில் மட்டும்தான் இந்த வித்தை நடக்கும். எழுதியிருப்பது சுவர்ப்பக்கம். இவளுடைய கைக்கண்ணாடியைச் சந்துக்குள் விட்டுப் பார்த்தேன். 'சிஆர்ஏ' என்று தெரிந்தது. அப்படி ஒரு வசதியை நான் கேள்விப்பட்டதில்லை. நம் டிவியில் ஏஆர்சி கிடையாது என்று அறிவித்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டேன். இவள் கண்ணாடியைத் திரும்ப வாங்கி, அதில் தன் முகத்தைப் பார்த்தபடியே, "கண்ணாடியில எழுத்து திரும்பித்தாங்க தெரியும்" என்றாள்.

சொருகினேன். செட்டிங்ஸில் சத்தம் போகும் வழியை ஏஆர்சிக்கு மாற்றினேன். அப்புறமும் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது: சிஇசி. ஒரு சாமான் இன்னொரு சாமானுக்கு உத்தரவு போடுகிற ஏற்பாடு. அதையும் திறந்துவைக்க வேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. ஒரே மாப்பிள்ளைக்கு ஊருக்கு ஒரு பெயர். அதைத் திறந்ததும் நடந்தது இதுதான்: அத்தை டிவி ரிமோட்டில் வால்யூமை அழுத்தினார், சவுண்ட் பாரில் சத்தம் கூடியது. டிவியை அணைத்தார், பாரும் தானாக அணைந்தது. போட்டார், வந்தது. பார் ரிமோட்டில் மிச்சமிருந்த விபூதியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டோம். காதுக்கு எந்த ஒயர் உசத்தி என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். சீரியல் பார்க்கும் வீட்டில் ஆப்டிகலுக்கும் ஏஆர்சிக்கும் காதில் ஒரு வித்தியாசமும் தெரியாது, கைக்குத்தான் தெரியும். சோபாவில் கிடக்கும் ரிமோட்டை எண்ணுங்கள். எந்த ஒயர் அதில் ஒன்றைக் குறைக்கிறதோ, அதை வாங்குங்கள்.

ரிமோட் குறைந்ததில் ஒரு விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. முன்பு மூன்று ரிமோட் இருந்தபோது ஒன்றாவது என் பக்கம் வரும். இப்போது சத்தத்துக்கு இருப்பது ஒன்று, அது அத்தையின் மடியில். சப்-ஊஃபர் வேறு. சீரியலில் கதவு சாத்தினால் கீழ்வீட்டில் பாத்திரம் நடுங்கும். ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். சண்டைக்குத்தான் என்று நான் பாத்ரூமுக்குள் ஒதுங்கிக்கொண்டேன். அவர் சோபாவில் உட்கார்ந்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிந்தே மாட்பேடி, ஆ ஹுடுகி வாபஸ் பர்த்தாளெ" என்றார். கவலைப்படாதீர்கள், அந்தப் பெண் திரும்பி வந்துவிடுவாள். தரை வழியாகக் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார், கன்னடத்தில் இதே கதை போன வருஷமே ஓடி முடிந்துவிட்டதாம். அன்றிலிருந்து அத்தை நாலரை மணிக்குக் கீழே போய் அன்றைய கதையை முன்கூட்டியே கேட்டுவிட்டு வருகிறார். எட்டு மணிக்கு டிவி போடுவது சரிபார்க்க. சத்தத்தைக் கம்மியாகவே வைக்கிறார். என்ன சொல்கிறார்கள் என்பதுதான் தெரியுமே.

போன மாதம் அக்கா பையன் வந்திருந்தான், மனைவியோடு. கல்யாணமாகி வந்த புதுசு. அந்தப் பெண் மதுரையில் வரலாறு படித்தவள். அவர்களும் டிவி, சவுண்ட் பார் எல்லாம் வாங்கிவிட்டார்களாம். "எந்த ஒயர் மாமா போடறது?" என்று அவன் கேட்டதும், எனக்கு இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் பட்டமாக மாறி நெஞ்சில் தொங்கியது. ஆர்சிஏவிலிருந்து ஆரம்பித்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். தோஷிபாவைத் தொட்டு, சின்னசாமி ஸ்டேடியத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ரெசிடென்சி ரோடு ஸ்கூட்டருக்கு வந்தபோது காபி ஆறியிருந்தது. பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் மட்டும் தயங்கித் தயங்கி, "நான் அன்னிக்கே ஹெச்டிஎம்ஐ ஏஆர்சியில போட்டுட்டேன் மாமா. மேனுவல்ல முதல் படமே அதுதானே?" என்றாள்.

"எங்க மேனுவல்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன் கம்பீரமாக.

மகன் குனிந்து, சப்-ஊஃபரை ஒரு கையால் தூக்கி, அடியில் நாலாக மடித்து வைத்திருந்த காகிதத்தை உருவி அவளிடம் கொடுத்தான்.